இரைவாளிப் பம்பும் தம்பியின் காலும்

டாக்டர் ஃபெஹோக்கோ அந்தப் பம்பைக் கையில் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தபோது, மனுஷர் மீன் பிடிக்கப் போய்விட்டு நேரே டியூட்டிக்கு வந்திருக்கிறார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். படகுக்காரர்கள் இரைமீன் செத்துப்போகாமல் இருக்க வாளித் தண்ணீருக்குள் காற்று ஊத வைத்திருப்பார்களே, பேட்டரியில் ஓடும் கையடக்கப் பம்ப், அதேதான். எங்கள் டோங்காவின் நெயாஃபு துறைமுகத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் தூண்டில் முள்ளுக்குப் பக்கத்தில் தொங்கும்.

"என்ன டாக்டர், இன்னிக்கு சூரை கிடைச்சுதா?" என்றாள் செலா. எங்கள் வார்டு நர்ஸ். வாய் கொஞ்சம் நீளம்.

"இது இனிமே ஊதாது. உள்ளே வால்வைத் திருப்பி மாட்டிட்டேன். இப்ப உறிஞ்சும்," என்றார் அவர், பரிசு வாங்கி வந்த பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

விஷயம் இதுதான். ஆறாத புண்ணுக்குள் கிருமி நீக்கிய ஸ்பான்ஜை வைத்து, மேலே காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, குழாய் செருகி உறிஞ்ச விட்டால் அழுக்கு நீரெல்லாம் வெளியே வந்துவிடும். ரத்தம் ஓடிவரும், புதுச்சதை பிடிக்கும். அதற்கென்றே வெளிநாட்டு மிஷின் ஒன்று எங்கள் ஆஸ்பத்திரியிலும் உண்டு. அதற்குப் போடுகிற டப்பாவும் உறையும் ஒருமுறை போட்டால் தூக்கிப் போட வேண்டியவை. விலையைக் கேட்டால் புண்ணே தேவலை என்று தோன்றும். அவை தீர்ந்துபோய் ரொம்ப நாளாகிறது. மிஷின் மேல் செலா டீக் கோப்பைகளைக் கவிழ்த்து வைக்கிறாள்.

அதனால் டாக்டர் இரைவாளிப் பம்போடு ஒரு ஜாடியையும் அழுத்தம் காட்டும் மானியையும் சேர்த்து, சொந்தமாக ஒன்றைக் கட்டிவிட்டார். வீட்டில் ராப்பகலாக ஓடவிட்டும் பார்த்தாராம். எல்லாம் சரி, ஒன்றுதான் குறை. பெரிய மிஷின் எங்கேயாவது காற்றுக் கசிந்தால் கத்தி ஊரைக் கூட்டும். இது கத்தாது. தன்பாட்டுக்கு ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்கும்.

"யாருக்குப் போடப் போறீங்க?" என்று கேட்டேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். செலா தரையைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. என் தம்பி மத்தேயாகிக்கு.

மத்தேயாகியை வவாவுத் தீவில் தெரியாதவர்கள் கிடையாது. எங்கள் தேவாலயப் பாடற்குழுவுக்கு அவன்தான் தலைவன். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். கையால் தாளம் காட்டுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இவன் வலது காலால் மரத்தரையைத் தட்டிப் பாட்டை நடத்துகிறவன். அவன் தட்டினால் பின்வரிசைக் கட்டைக்குரல்காரர்கள் தூக்கத்திலிருந்து எழுந்து பாடுவார்கள். அந்த வலது காலில்தான் துருப்பிடித்த தகரம் ஏறியது. சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போயிருந்ததால் இவனுக்குத் தெரியவே இல்லை. நாற்றம் வந்து, அவன் மனைவி செருப்பைக் கழற்றிப் பார்த்துக் கத்திய பிறகுதான் தெரிந்தது. இரண்டு விரல் போயிற்று. அதற்குப் பக்கத்தில் குழியாக ஒரு புண், மூடமாட்டேன் என்று அடம் பிடித்தது. தலைநகர் நுகுஅலோஃபாவிலிருந்து சர்ஜன் வரப்போகிறார். அவர் வரும்போது புண் சிவந்து சுத்தமாக இருந்தால் தோல் ஒட்டிக் காலைக் காப்பாற்றுவார். இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார். இதை டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

நான் முப்பது வருஷமாக நர்ஸ். வவாவுவில் எத்தனையோ கால்களைக் கட்டியிருக்கிறேன். என் தம்பியின் காலை மட்டும் நான் பார்க்க முடியாது. எங்களில் வயதுக்கு வந்த அக்காவும் தம்பியும் ஒரே அறையில் சிரித்துப் பேசிக்கொண்டு உட்காருவதே வழக்கமில்லை. அவன் உடம்பைப் பற்றி என் காதுபட ஒருவரும் பேசக்கூடாது. நானும் பேசக்கூடாது, தொடுவது எங்கே! பெரியப்பா சித்தப்பா, அத்தை மாமா பிள்ளைகளும் தம்பி கணக்கில்தான் வருவார்கள் என்பதால், வார்டில் பாதி ஆம்பிளைகளின் திரைக்குள் நான் போகமுடியாது. பட்டியல் போட்டு வேலை பிரிக்கும் மேட்ரன், கலோலைனே என்று என் பெயர் வந்தாலே பெருமூச்சு விடுவாள்.

ஆகவே மத்தேயாகி திரைக்கு உள்ளே, நான் வெளியே. நடுவில் தூது, பக்கத்துப் படுக்கைத் தோமாசி. மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவன். வடகோடித் தீவுக்காரன், அந்த வார்டிலேயே எனக்கு எந்த வகையிலும் சொந்தமில்லாத ஒரே ஆம்பிளை. அவன் தலைமாட்டுப் பக்கம் திரை கொஞ்சம் விலகியிருக்கும்.

"தோமாசி, உன் பக்கத்துல இருக்கிறவர் சாப்பிட்டாரான்னு கேளு."

"சாப்பிட்டானாம்க்கா."

"என்ன சாப்பிட்டாராம்?"

"கஞ்சின்னு சொல்லச் சொல்றான். நான் பார்த்தது வேற."

திரைக்குள்ளிருந்து தலையணை ஒன்று பறந்து வந்து தோமாசி மேல் விழுந்தது. தம்பி நன்றாகத்தான் இருக்கிறான் என்று எனக்கு நிம்மதி.

பம்ப் மாட்டிய முதல் சில நாள் அமர்க்களம். பார்க்க வந்தவர்களெல்லாம் "என்னப்பா, உன்னை இரையா வெச்சு எதைப் பிடிக்கப் போறாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு விசிலடித்துக்கொண்டே வெளியே வந்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அந்த விசில் எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. எனக்கு அன்று விடுமுறை. வார்டில் செலா. மண்ணடுப்புச் சாப்பாடு முடிந்ததும், பாடற்குழு மொத்தமும் மரியாதைக்கு இடுப்பில் பாய் சுற்றிக்கொண்டு தலைவனைப் பார்க்கக் கிளம்பிப் போயிற்று. சேப்பங்கிழங்கு இலையில் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் வைத்துச் சுட்ட 'லூ' ஒரு கூடை. போனால் பாடாமல் வரமுடியுமா? நோயாளியைச் சுற்றி நின்று பாடி ஜெபம் பண்ணாவிட்டால் அது போனதற்குச் சமமே இல்லை.

மத்தேயாகி படுத்தபடியே சுருதி கொடுத்தான். ஆரம்பித்தார்கள். பம்ப் அவன் சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. அபஸ்வரம் என்றால் அவனுக்குப் பல்லில் மணல் கடிபட்ட மாதிரி. நிறுத்தினான். திரும்ப ஆரம்பித்தான். பம்ப் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கையைத் தூக்கி, பாட்டை முடிக்கும்போது காட்டுவானே அந்த ஒரு வெட்டு, அதைப் பம்பை நோக்கி வெட்டினான்.

செலா நர்ஸ்தான். ஆனால் அவள் எங்கள் பாடற்குழுவில் இரண்டாங்குரலும் கூட. தலைவர் கை வெட்டினால் நிறுத்தியே பழக்கப்பட்டவள். யோசிக்காமல் பம்பை அணைத்துவிட்டாள்.

ஒரு பாட்டு எங்கே ஒரு பாட்டோடு நின்றது? பாட்டு, ஜெபம், பாட்டு, ஒரு தாத்தாவின் நீண்ட ஜெபம், லூ. எல்லாரும் போனபின் தலைவர் குறட்டை. பம்ப் நினைவு ஒருவருக்கும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் கட்டைப் பிரித்துவிட வேண்டும் என்பது விதி. பொழுது சாயும் வரை நின்றது.

திங்கட்கிழமை திரைக்குள்ளிருந்து வந்த நாற்றத்துக்குத் தூது தேவைப்படவில்லை. டாக்டர் வெளியே வந்தார், விசில் இல்லை.

"பிடிச்ச சதையெல்லாம் கெட்டுப்போச்சு. மறுபடி முதல்லேருந்து. இனிமே இந்த வார்டுல யாரும் பாடக்கூடாது!"

டாக்டர் நியூசிலாந்தில், ஆக்லாந்தில் வளர்ந்த பிள்ளை. பாடக்கூடாது என்று டோங்காவில் ஒருவரிடம் சொல்வது மூச்சு விடாதே என்று சொல்வது போல என்று அவருக்குத் தெரியவில்லை. செலா அழுதாள். பாடற்குழுக்காரர்கள் வாசலில் நின்று முறைத்துவிட்டுப் போனார்கள். எல்லாவற்றுக்கும் மேல் மத்தேயாகி முறுக்கிக்கொண்டான்.

"கழட்டிடுங்க டாக்டர்," என்று சொன்னது வார்டு முழுக்கக் கேட்டது. "இதைக் கேட்டுக்கேட்டு எனக்குத் தூக்கமே போச்சு. ராத்திரி பகல்னு இல்லாம ஒரே அபஸ்வரம். அந்தப் பெரிய டாக்டர் வந்து காலை எடுத்துக்கட்டும். ஒத்தைக்கால்ல உக்காந்துக்கிட்டே பாட்டு நடத்தறேன். சத்தமில்லாம நிம்மதியா இருக்கும்."

"யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சாச்சு. என் காலு, என் இஷ்டம்."

டாக்டர் நேரே என்னிடம் வந்தார். மருந்து அறையில் நான் ஒன்றும் கேட்காதவள் போல ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாருன்னு செலா சொல்றாங்க. அக்கா சொல்லைத் தட்டக்கூடாதாமே?"

"தட்டக்கூடாதுதான்."

"அப்போ சொல்லுங்களேன்!"

"எதைப் பத்திச் சொல்லணுமோ அதைப் பத்தி நான் பேசவே கூடாது டாக்டர்."

"அப்போ அந்த அதிகாரத்தை வெச்சுக்கிட்டு என்னதான் பண்ணுவீங்க?"

நியாயமான கேள்வி. எங்களில் அண்ணன் தம்பியைவிட அக்கா தங்கை உயர்ந்தவர்கள். தம்பி வீட்டில் எது கண்ணில் பட்டாலும் அது எனக்கு வேண்டும் என்று நான் சொன்னால், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட வேண்டும். அது எங்கள் பாத்தியதை. என் சித்தி மகள் தன் அண்ணனிடம் போய் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அவன் ரக்பி பார்த்துக்கொண்டிருக்கும்போதே. நான் இதுவரை மத்தேயாகியிடம் ஒரு பன்றிக்குட்டி கூடக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவன் மனைவிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட, கேட்டால் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாமே என்று.

அப்படியே ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இதுவரை கேட்காததெல்லாம் சேர்ந்து எவ்வளவு பெரிய பாக்கியாக இருக்கும் என்று தோன்றியது. பயமாகவும் இருந்தது. அம்மா இருந்தால் என்ன சொல்வாள்? பிறகு, அம்மா இருந்தால் அவளே போய் அவன் காதைத் திருகியிருப்பாள் என்றும் தோன்றியது.

நடந்து போய் அந்தத் திரையை ஒரே இழுப்பாக இழுத்தேன்.

வார்டே நின்றுபோயிற்று. தோமாசி வாய்க்குக் கொண்டுபோன கிழங்கைப் பாதியில் வைத்துவிட்டான். மத்தேயாகி ஒரு கையால் போர்வையை இழுத்துக் காலை மூடினான். முகம் சிவந்துவிட்டது.

"அக்கா... நீங்க எதுக்கு இங்க..."

"மத்தேயாகி, நான் உன்கிட்ட இதுவரைக்கும் ஏதாவது கேட்டிருக்கேனா?"

"இல்லக்கா."

"உன் பன்னியக் கேட்டிருக்கேனா? படகக் கேட்டிருக்கேனா? உன் பொண்ணு கல்யாணத்துல வந்த பாயி ஒண்ணையாவது எடுத்துக்கிட்டுப் போயிருக்கேனா?"

"இல்லக்கா. எடுத்திருக்கலாம் நீங்க."

"இப்ப கேக்கறேன். எனக்கு உன் வலது கால் வேணும்."

அவன் புரியாமல் பார்த்தான்.

"இந்த நிமிஷத்துலேருந்து அது என்னுது. உன்கிட்ட இருக்கு, அவ்வளவுதான். எனக்கு முழுசா வேணும். கொடுக்கறேன்னு சொல்லவோ வெட்டிக்கோன்னு சொல்லவோ உனக்கு இனி உரிமை கிடையாது. அந்தப் பம்ப் ஓடணும்னு சொன்னா ஓடணும். புரியுதா?"

கடைசி வார்த்தை சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. அதற்காக எனக்கே என் மேல் கோபம். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். தாடை மட்டும் நடுங்கியது. கெட்டுப்போன அந்தக் காலுக்காக அதுவரை அவன் அழுததில்லை என்று அவன் மனைவி பிற்பாடு சொன்னாள்.

"எடுத்துக்குங்கக்கா," என்றான். பிறகு, மெல்ல, "ஆனா அந்தச் சத்தம்க்கா. பாட்டே வரமாட்டேங்குது."

"அது உன் சுருதிக்கு வராது. நீ அது சுருதிக்குப் போ. ஊரையே உன் சுருதிக்கு இழுத்தது போதும்."

"அது ரொம்பக் கீழே இருக்குக்கா. பொம்பளைங்க தொண்டை தாங்காது."

"எங்க தொண்டையப் பத்தி எங்களுக்குத் தெரியும்," என்றாள் செலா எங்கிருந்தோ.

திரையை மூடிவிட்டு மருந்து அறைக்குப் போய் அரைமணி நேரம் அழுதேன். அதற்குள் சேதி துறைமுகம் வரை போய்விட்டது. கலோலைனே தம்பி காலை எடுத்துக்கொண்டாளாம் என்று ஊரே பேசியது. சந்தையில் ஒருத்தி, "எந்தக் கால்? இன்னொன்னையும் சேர்த்துக் கேட்டிருக்கலாமே?" என்றாள். நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் வேலையில் இருந்தேன். பாட்டுக்குத் தடை போட்ட டாக்டரை, பம்ப் ஓடும்போதே பாடுவோம் என்று வாக்குக் கொடுத்து வழிக்குக் கொண்டுவந்தாயிற்று. அவர் நம்பிக்கையில்லாமல் வாசலில் நின்றார். நான் திரைக்கு வெளியே என் பழைய இடத்தில். உள்ளே மத்தேயாகி கண்ணை மூடிப் பம்பைக் கேட்டான். அதே சுரத்தைத் தொண்டைக்குள் முனகிப் பிடித்தான். கொடுத்தான்.

கட்டைக்குரல்காரர்கள் அவ்வளவு கீழே போய் நான் கேட்டதில்லை. கட்டில் இரும்பெல்லாம் அதிர்ந்தது. பம்பின் ரீங்காரம் எங்கே, அவர்கள் குரல் எங்கே என்று பிரிக்கமுடியவில்லை. தோமாசிக்குச் சுருதி என்பதே கிடையாது, அவனும் பாடினான். டாக்டர் கதவுநிலையில் சாய்ந்துகொண்டார்.

இரண்டாம் பாட்டின் நடுவில் மத்தேயாகியின் குரல் நின்றது. கை வெட்டியிருக்க வேண்டும், எல்லாரும் நின்றார்கள்.

"யாரு மேலே போனது?"

"யாரும் போகல தலைவரே."

"போச்சு. ஒரு நூல் மேலே போச்சு."

பாட்டு இல்லாத அமைதியில் எல்லாரும் கேட்டோம். பம்ப்தான். பாரமில்லாத மோட்டார் போல லேசாக, வேகமாக ஓடியது. டாக்டர் வாசலிலிருந்து, "கசியுது! எங்கேயோ காத்துப் புகுது, அதான் சுலபமா ஓடுது. அமுக்கிப் பிடிங்க, நான் கையைக் கழுவிட்டு வரேன்!" என்று கத்திக்கொண்டே குழாய்ப்பக்கம் ஓடினார். செலா அன்று விருந்தாளியாக, கூட்டத்தின் பின்வரிசையில், நூறு கிலோ ஆம்பிளைகளுக்கு அப்பால். திரைக்கு இந்தப் பக்கம் கையுறை போட்டு நின்றது நான் ஒருத்திதான்.

உள்ளே போனேன். இந்தத் தடவை அவன் காலை மூடவில்லை. குதிகால் பக்கம் தாளின் ஓரம் வியர்வையில் எழும்பியிருந்தது. அவன் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து அந்த ஓரத்தை அழுத்தினேன். அவனுக்கு மூன்று வயதில் முள் குத்தியபோது கடைசியாகப் பிடித்தது. அப்போதும் இதே அகலப் பாதம்தான். பம்பின் சத்தம் மெல்ல மெல்லக் கனத்து இறங்கியது.

"இன்னும் கொஞ்சம்க்கா," என்றான் அவன் மேலே பார்த்துக்கொண்டு. "இன்னும்... ஆங். சேர்ந்துடுச்சு."

டாக்டர் புதுத் தாள் ஒட்டும் வரை நான் கையை எடுக்கவில்லை. பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள்.

அன்றிலிருந்து பம்புக்குக் காவல் மத்தேயாகியின் காதுதான். தூக்கத்தில்கூட, "ஏறுது, ஏறுது," என்று எழுந்துகொள்வானாம். "கத்தற மிஷின் தேவலை, இவன் பாட்டு வேற பாடறான்," என்று தோமாசி புலம்பினான். சர்ஜன் வந்து கட்டைப் பிரித்தபோது நான் வெளியில் சுவரைப் பார்த்து நின்றேன். உள்ளே கத்தரி தட்டில் விழும் சத்தம் கேட்டது. பிறகு, "தோல் ஒட்டிடலாம். தொடையிலேருந்து எடுக்கலாம்," என்றார் சாதாரணமாக, கறிக்கடையில் சொல்வது போல. தோமாசி திரை வழியாகத் தலையை நீட்டி என்னிடம், "உங்க கால் பத்திரமா இருக்குக்கா!" என்று கூவினான்.

மத்தேயாகி தேவாலயத்துக்குத் திரும்பிய ஞாயிறு, உட்கார இடமில்லை. தோமாசியும் வந்திருந்தான். எலும்பு கூடியும் ஊருக்குப் போகவில்லை, செலா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அது வேறு கதை. மத்தேயாகி தடித்த அடிபோட்ட செருப்போடு குழுவின் முன்னால் போய் நின்றான். கையைத் தூக்கினான். பிறகு இறக்கிவிட்டுத் தோமாசியைக் கூப்பிட்டு அவன் காதில் ஏதோ சொன்னான். தோமாசி விந்தி விந்தி நான் இருந்த வரிசைக்கு வந்தான்.

"அக்கா, காலு உங்களுதாம். பாட்டு முடியறப்போ ஒரு தடவை தட்டிக்கலாமான்னு கேக்கறான்."

சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. போதகர் உட்பட.

"மெதுவாத் தட்டச் சொல்லு," என்றேன். "ஒரு தடவைதான்."

சேதி போயிற்று. அவன் சுருதி கொடுத்தான், அதே கீழ்ச் சுருதி. பம்ப் இல்லாமலே அந்த ரீங்காரம் என் காதில் கேட்டது. பாட்டு ஏறி, ஏறி, கடைசி அடியில் அவன் வலது காலைத் தூக்கினான், முட்டையை வைப்பது போல மரத்தரையில் வைத்தான். டொக் என்று ஒரு சின்னச் சத்தம். முன்வரிசைக்குக்கூடச் சரியாகக் கேட்டிருக்காது.

நான் தோமாசியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கூடத் தோன்றவில்லை.

"ஓடு. இன்னொரு தடவை தட்டச் சொல்லு."